டேட்டாபேஸ் தானா வளரல, பில்லு சேவ் ஆகலன்னா எங்கெங்க பாக்கணும்

காரைக்குடில ஒரு பலகாரக் கடை. தீபாவளிக்கு இன்னும் ஒம்போது நாள், சாயங்காலம் ஆறரை மணி, கடைக்குள்ள நிக்க எடமில்ல. மணகோலமும் சீப்புச் சீடையும் கிலோ கணக்குல கட்டிக்கிட்டு இருக்காங்க, சிங்கப்பூர் போற பார்சல் ஒருபக்கம் அடுக்கிக் கெடக்கு, அந்த நேரம் பாத்து பில்லிங் கம்ப்யூட்டர்ல சேவ் அழுத்துனா சுத்திக்கிட்டே இருந்துட்டு நீளமா ஒரு எர்ரர் மெசேஜ் வந்து நிக்கிது. கடைய நடத்துற ஆச்சி எனக்குப் போன் பண்ணுனாங்க. "தம்பி, டிஸ்க்குல 180 ஜிபி காலியா இருக்குன்னு பையன் காட்டுறான், மெசின் எடமில்லைங்குது, நான் யார நம்புறது?"

ரெண்டு பேரு சொல்றதும் உண்மைதான் ஆச்சி, நான் வர்ற வரைக்கும் எதையும் அழிக்க மட்டும் வேணாம், கையில பில்லு எழுதிக்கிட்டு இருங்கன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன்.

இந்தப் பக்கம் கடைகள்ல நான் பாத்த பில்லிங் சாஃப்ட்வேர் பலதுக்கும் அடியில ஓடுறது எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், அதுலயும் காசு குடுக்க வேண்டாத எக்ஸ்பிரஸ் எடிசன். அதனால அத வச்சே சொல்றேன். டேட்டாபேஸ் ஃபைல் நெறையும்போது தன்னாலயே கொஞ்சம் கொஞ்சமா பெருசாகிக்கும், இதுக்குப் பேரு ஆட்டோகுரோத். அது வேலை செய்யலன்னா பில்லு உள்ள போகாது. ஏன் வேலை செய்யலங்கிறதுக்கு அஞ்சாறு காரணம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற, ஒண்ணோட வைத்தியத்த இன்னொண்ணுக்குப் பண்ணுனா வருசக் கணக்கே போயிரும். அதான் எனக்கு இதுல பதட்டம். இந்த மாதிரி நேரத்துல சர்வர நாலு தடவ ரீஸ்டார்ட் பண்ணி, எதோ ஒரு ஃபைல அழிச்சு, அப்புறம் போன் பண்றவங்க நெறைய.

மொதல்ல மெசேஜ முழுசாப் படிங்க

சாஃப்ட்வேர் காட்டுற பாப்அப்ல "சேவ் எர்ரர்"னு மட்டும் இருந்தா அது போதாது. எஸ்க்யூஎல் சர்வரப் பாத்துக்கிறதுக்குன்னு இருக்கிற மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவத் தொறந்து, இடப்பக்கம் மேனேஜ்மென்ட்னு இருக்கிறதுக்குள்ள எஸ்க்யூஎல் சர்வர் லாக்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல அந்த நேரத்துக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஸ்டுடியோ இல்லன்னா விண்டோஸ் ஈவன்ட் வியூவர்ல அப்ளிகேசன் பகுதில இதே வரிக இருக்கும். நமக்கு வேண்டியது எர்ரர் நம்பர். 1105னு இருந்தா டேட்டா ஃபைல்ல எடமில்ல. 9002ன்னு இருந்தா லாக் ஃபைல்ல எடமில்ல. 5144னா ஃபைல் வளர ஆரம்பிச்சு பாதில கேன்சல் ஆயிருக்கு. 1827னா லைசன்ஸ்ல குடுத்த அளவத் தாண்டப் பாத்திருக்கு. 5149ம் கூடவே ஆபரேட்டிங் சிஸ்டம் எர்ரர் 112ன்னும் இருந்தா உண்மையிலேயே டிஸ்க்குல எடமில்ல. அதே வரில எந்த டேட்டாபேஸ்ங்கிற பேரும் இருக்கும், அதையும் பாருங்க. நம்ம பேரு இல்லாம டெம்ப்டிபின்னு இருந்தா அது வேற கதை, எதோ ஒரு பெரிய ரிப்போர்ட் ஓடி தற்காலிக எடத்த நெறச்சிருக்கு, அந்த ரிப்போர்ட்ட நிறுத்துனா சரியாகும், சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுனாலும் டெம்ப்டிபி புதுசா உருவாகும். ரீஸ்டார்ட் உருப்படியா உதவுற எடம் இது ஒண்ணுதான்னே வச்சுக்கங்க.

டேட்டா ஃபைல், லாக் ஃபைல்னு ரெண்டு சொன்னேன்ல, அது எம்டிஎஃப், எல்டிஎஃப்னு முடியும். நம்ம ஊரு ஆளுகளுக்கு இத வெளக்குறது ரொம்ப சுலபம். பழைய கணக்குப்புள்ளைக அன்னன்னைக்கு நடந்தத மொதல்ல சிட்டைல எழுதுவாங்க, பெறகுதான் பேரேட்டுல ஏத்துவாங்க. லாக்தான் சிட்டை, டேட்டா ஃபைல்தான் பேரேடு. எந்தப் பில்லா இருந்தாலும் மொதல்ல லாக்ல விழணும், அப்புறம்தான் அது டேட்டா ஃபைலுக்குப் போகும். சிட்டைல எழுதப் பக்கமில்லன்னா பேரேட்டுல எவ்வளவு எடமிருந்தாலும் பில்லு நிக்காது.

டிஸ்க்

இத சீக்கிரம் முடிச்சிரலாம். ஃபைல் எந்த டிரைவ்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க, டேட்டாபேஸ் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ், ஃபைல்ஸ்னு போனா பாத் காட்டும். டி டிரைவ்ல எடம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், ஃபைலு சி டிரைவ்ல கெடக்கும். நான் போய்ப் பாத்த எடங்கள்ல சி டிரைவ நெறச்சது பெரும்பாலும் டேட்டாபேஸ் இல்ல, தெனமும் ராத்திரி எடுத்துப் பழசையே அழிக்காம விட்ட பேக்கப்புகதான். மூணு வருசப் பேக்கப்பு, எல்லாம் அதே டிஸ்க்குல. அந்த டிஸ்க் போனா பேக்கப்பும் சேந்து போகும், அதனால அதுகள வெளி டிஸ்க்குக்கு மாத்துங்க, எடமும் கெடைக்கும். வெளி டிஸ்க் ஃபேட்32ல ஃபார்மட் ஆயிருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, என்டிஎஃப்எஸ் ஆக்கிட்டு மாத்துங்க, ஆனா ஃபார்மட் பண்ணுனா அதுல ஏற்கனவே இருக்கிறது போயிரும், பாத்துக்கங்க.

வளராதேன்னு நாமளே சொல்லி வச்சிருக்கோமா

அதே ஃபைல்ஸ் பக்கத்துல ஆட்டோகுரோத், மேக்ஸ்சைஸ்னு ஒரு காலம் (column) இருக்கும். அதுல ஒவ்வொரு ஃபைலுக்கும் எவ்வளவு கூடணும், எது வரைக்கும் கூடலாம்னு போட்டிருக்கும். None-னு இருந்தா ஆட்டோகுரோத் ஆஃப் ஆயிருக்கு. லிமிட்டட் டுன்னு ஒரு அளவு இருந்து ஃபைல் அத எட்டியிருந்தா அதுக்கு மேல நகராது. யாரோ எப்பவோ டிஸ்க்கக் காப்பாத்தணும்னு நல்ல எண்ணத்துல போட்ட லிமிட்டா இருக்கும், போட்டவருக்கே மறந்திருக்கும். பக்கத்துல இருக்கிற மூணு புள்ளியத் தட்டி மாத்திக்கலாம். எனேபிள் பண்ணுங்க, சதவீதத்துக்குப் பதிலா மெகாபைட்ல குடுங்க, ஏன்னு பெறகு சொல்றேன்.

குவரி போடத் தெரிஞ்சவங்க சிஸ் டாட் டேட்டாபேஸ் ஃபைல்ஸ்ங்கிற வியூவப் பாருங்க, அதுதான் உள்ளது உள்ளபடி சொல்லும். அதுல குரோத் காலம் 0 இருந்தா ஃபைல் வளராது. மேக்ஸ் சைஸ் காலத்துல மைனஸ் 1 இருந்தா டிஸ்க் நெறயுற வரைக்கும் வளரலாம்னு அர்த்தம், 268435456னு பெரிய நம்பர் இருந்தா அது லாக் ஃபைலுக்கான 2 டிபி எல்லை, அதப் பாத்துப் பயப்பட வேண்டாம். சைஸ் காலத்துல இருக்கிறது எம்பி இல்ல, 8 கேபி பக்கங்களோட எண்ணிக்கை, 128ஆல வகுத்தாத்தான் எம்பி வரும். இத எம்பின்னு நெனச்சுக் கொழம்பாத ஆளு கம்மி.

ஆச்சி கடைல நடந்தது

அன்னைக்கு எர்ரர் லாக்ல இருந்தது 1105, அதுக்கு ஒட்டுனாப்ல 1827. ஆட்டோகுரோத் ஆன்ல இருக்கு, அன்லிமிட்டட்னு போட்டிருக்கு, டிஸ்க்குல 180 ஜிபி. ஆனா டேட்டா ஃபைல் சரியா 10 ஜிபிக்குப் பக்கத்துல வந்து நிக்கிது. எக்ஸ்பிரஸ் எடிசன்ல ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல போக முடியாது. 2008 ஆர்2 வெர்சன்ல இருந்து 2022 வரைக்கும் இதுதான் எல்லை, அதுக்கு முந்தி 4 ஜிபியா இருந்துச்சு, 2025 வெர்சன்ல 50 ஜிபியா ஆக்கியிருக்காங்க. செட்டிங்ல அன்லிமிட்டட்னு காட்டுறதப் பாத்து ஏமாற வேணாம், லைசன்ஸ் எல்லை அந்தப் பக்கத்துல தெரியாது. உங்களது எந்த எடிசன், எந்த வெர்சன்னு சர்வர் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ்ல பிராடக்ட், வெர்சன்ங்கிற வரிகள்ல பாத்துக்கங்க.

இதுல மூணு விசயம் தெரிஞ்சுக்கணும். லாக் ஃபைல் இந்த 10 ஜிபில சேராது, டேட்டா ஃபைல்தான் கணக்கு. இன்னொரு டேட்டா ஃபைல் சேத்தாலும் எடம் அதிகமாகாது, எல்லா டேட்டா ஃபைலும் சேத்துத்தான் 10. ஆனா எல்லை ஒரு டேட்டாபேஸுக்குத்தான், அதே சர்வர்ல இன்னொரு டேட்டாபேஸ் உருவாக்குனா அதுக்குத் தனியா 10 ஜிபி. நம்ம ஊரு வளவு (நடு முற்றம்) வச்ச வீட்டுல ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, ஒரு அறைன்னு குடுக்கிற மாதிரிதான், அவங்க சாமான் அறை நெறஞ்சாலும் அடுத்த புள்ளிக்கான அறை அப்படியேதான் இருக்கும்.

சரி, பலகாரக் கடைக்கு எப்படி 10 ஜிபி வந்துச்சு? அதப் பாக்க டேட்டாபேஸ் மேல ரைட் கிளிக், ரிப்போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்ஸ், டிஸ்க் யூசேஜ் பை டாப் டேபிள்ஸ். பெரிய டேபிள் மேல வரும். பில்லு, பொருளு, கஸ்டமர் எல்லாம் சேத்தே ரெண்டு ஜிபி தேறல. ஆடிட்னு முடியுற ஒரு டேபிள் மட்டும் ஏழு ஜிபிக்கு மேல. ஒரு பில்ல யாராச்சும் திருத்துனா பழைய பில்லோட முழு வெவரத்தையும் அதுல ஒரு காப்பி எழுதி வைக்குது, அஞ்சு வருசமா யாரும் அத எட்டிப் பாக்கல.

பண்ணுனது இந்த வரிசைல. மொதல்ல முழு பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்குல வச்சு, அத என் லேப்டாப்புல ரீஸ்டோர் பண்ணிப் பாத்தோம், தொறந்து பாக்காத பேக்கப்ப நான் பேக்கப்னே சொல்ல மாட்டேன். அப்புறம் அதே சர்வர்ல ஆடிட்டுக்குன்னு தனி டேட்டாபேஸ் ஒண்ணு உருவாக்கி, அந்த டேபிள் முழுசையும் அங்க காப்பி பண்ணி, ரெண்டு பக்கமும் எத்தனை வரின்னு எண்ணிப் பாத்து, சாஃப்ட்வேர் குடுத்தவங்களுக்கும் போன்ல கேட்டு, அவங்க அந்த டேபிள் காலியா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு உறுதி சொன்ன பெறகுதான் பழசுல ட்ரன்கேட் பண்ணுனோம். ட்ரன்கேட் முழு டேபிளையும் காலி பண்ணும், சீக்கிரம் முடியும், லாக்கையும் பெருசா நெறக்காது. பழைய வரிகள மட்டும் எடுக்கணும்னா டெலீட், அத ஒரேயடியா போடாதீங்க, அஞ்சாயிரம் அஞ்சாயிரமா போடுங்க, இல்லன்னா லாக் ஃபைல் வீங்கி 9002ல போய் நிக்கும்.

எட்டு மணிக்கு பில்லு ஓடுச்சு. கையில எழுதுன நாப்பத்தி மூணு பில்லையும் ஆச்சி பக்கத்துல ஒக்காந்து ஒண்ணொண்ணா வாசிக்க பில்லிங் பொண்ணு ஏத்துச்சு.

ஒண்ணு சொல்லணும், காலி பண்ணுன பெறகும் எம்டிஎஃப் ஃபைல் அதே 10 ஜிபிதான் காட்டும். பயப்படாதீங்க, உள்ள எடம் காலியாயிருச்சு, புது பில்லு அந்த எடத்துல விழும். ஃபைலச் சின்னதாக்குறேன்னு ஷ்ரிங்க் போடாதீங்க, இன்டெக்ஸ் எல்லாம் துண்டுதுண்டாயிரும், மறுபடி வளர வேண்டியும் இருக்கும். ஆட்டோஷ்ரிங்க்னு ஒரு செட்டிங் ஆப்சன்ஸ்ல இருக்கும், அது ட்ரூன்னு இருந்தா ஃபால்ஸ் ஆக்கிருங்க.

லாக் நெறஞ்சா

9002 வந்தா அந்த மெசேஜே காரணத்தையும் சொல்லிரும், கடைசில மேற்கோள் குறிக்குள்ள ஒரு வார்த்தை இருக்கும். லாக் பேக்கப்னு இருந்தா டேட்டாபேஸ் ஃபுல் ரெகவரில இருக்கு, ஆனா லாக் பேக்கப் யாரும் எடுக்கல. சிட்டைல எழுதுனத இன்னொரு எடத்துல படி எடுத்து வச்சாத்தான் அந்தப் பக்கத்தத் திருப்பிப் பயன்படுத்த விடுவேன்னு அது காத்துக்கிட்டு நிக்கிது. தெனமும் முழு பேக்கப் எடுக்குறேனேம்பாங்க, முழு பேக்கப் லாக்கக் காலி பண்ணாது, லாக் பேக்கப் தனியா எடுக்கணும். நேரம் வச்சுத் தானா வேலைய ஓட்டுற ஏஜென்ட் எக்ஸ்பிரஸ்ல கெடையாது, அதனால விண்டோஸ் டாஸ்க் செட்யூலர்ல எஸ்க்யூஎல்சிஎம்டிங்கிற கமாண்ட வச்சு மணிக்கு ஒரு தடவ ஓட விடலாம். அந்தளவு வேணாம், டிஸ்க் போனா நேத்து ராத்திரி பேக்கப்ல இருந்து இன்னைக்கு பில்ல கைல ஏத்திக்கிறேன்னு கடைக்காரர் தெரிஞ்சே சம்மதிச்சா ரெகவரி மாடல சிம்பிள்னு மாத்திரலாம். இத அவர்கிட்ட கேக்காம நாமளா மாத்தக் கூடாது, போறது அவரோட கணக்கு.

ஆக்டிவ் ட்ரான்சாக்சன்னு இருந்தா யாரோ ஒருத்தரோட வேலை முடியாம தொங்கிக்கிட்டு இருக்கு. நான் தேவகோட்டைல ஒரு துணிக்கடைல பாத்தது, மத்தியானம் ஸ்டாக் திருத்த ஆரம்பிச்ச ஸ்க்ரீன அப்படியே விட்டுட்டு ஒருத்தர் சாப்பிடப் போயிட்டாரு, அந்த ஒரு ஸ்க்ரீன மூடுனதும் லாக் விட்டுக்குடுத்துச்சு. டிபிசிசி ஓப்பன்ட்ரான் போட்டா எந்தக் கனெக்சன் ரொம்ப நேரமா தொங்குதுன்னு தெரியும்.

காரணம் சரியானதும் லாக் ஃபைல் மட்டும் அளவுக்கு மீறி வீங்கியிருந்தா ஒரே ஒரு தடவ ஷ்ரிங்க் பண்ணி ஞாயமான அளவுல நிறுத்திக்கலாம்.

கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன், எல்டிஎஃப் ஃபைல அழிக்காதீங்க. லாக்னு பேரு இருக்கிறதால எதோ குப்பைன்னு நெனச்சு, சர்வீஸ நிறுத்திட்டு அழிச்சுட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணுனா டேட்டாபேஸ் தொறக்காம கண்ணீரோட வந்தவங்கள எனக்குத் தெரியும். சிட்டையக் கிழிச்சுப் போட்டுட்டு ஐந்தொகை எடுக்க முடியாது.

எடம் இருக்கு, அனுமதி இருக்கு, ஆனா பாதில நிக்கிது

5144 வந்தா இதுதான். பழைய வெர்சன்கள்ல லாக் ஃபைல் 10 சதவீதம் வளரும்னு டீஃபால்ட்டா இருக்கும், டேட்டா ஃபைல் 1 எம்பி. 2016ல இருந்துதான் ரெண்டுக்கும் 64 எம்பி ஆச்சு. ஆனா பழைய சர்வர்ல இருந்து கொண்டாந்த டேட்டாபேஸ் பழைய செட்டிங்கயே தூக்கிக்கிட்டு வரும். லாக் 40 ஜிபி ஆயிருந்தா அதுல 10 சதவீதம் 4 ஜிபி, அந்த 4 ஜிபியையும் பூஜ்யத்தால எழுதி முடிச்சாத்தான் பயன்படுத்த விடும். பழைய ஹார்ட்டிஸ்க்ல அது 30 செகண்டுக்குள்ள முடியாது. பல சாஃப்ட்வேர் 30 செகண்டு பாத்துட்டு வேலையக் கேன்சல் பண்ணிரும், கேன்சல் ஆனதும் வளந்த வரைக்கும் பின்னால போயிரும், அடுத்த பில்லு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், மறுபடி 30 செகண்டு. இப்படியே சுத்தும், கடைல இருக்கிறவங்களுக்கு எல்லாம் ஹேங் ஆனாப்ல தெரியும்.

இதுக்கு, ஸ்டுடியோல இருந்து நாமளே ஃபைல் சைஸக் கூட்டி விடணும், அதுக்கு 30 செகண்டு கெடு இருக்காது, முடியுற வரைக்கும் பொறுமையா விடுங்க. அப்புறம் சதவீதத்த எடுத்துட்டு டேட்டா ஃபைலுக்கு 64 அல்லது 128 எம்பி, லாக்குக்கு 64 எம்பின்னு நிலையான அளவு போடுங்க. டேட்டா ஃபைலுக்கு இன்னொரு வழியும் இருக்கு, எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடுற அக்கவுன்ட்டுக்கு விண்டோஸ் லோக்கல் செக்யூரிட்டி பாலிசில பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டனன்ஸ் டாஸ்க்ஸ்ங்கிற உரிமையக் குடுத்து சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுனா பூஜ்யம் எழுதுற வேலை இல்லாம ஃபைல் உடனே வளரும். 2016க்குப் பெறகு இன்ஸ்டால் பண்ணும்போதே அதுக்கு ஒரு டிக் பாக்ஸ் கேக்கும். லாக் ஃபைலுக்கு இது செல்லாது, 2022ல இருந்துதான் 64 எம்பி வரைக்கும் வளர்ற லாக்குக்குக் குடுத்திருக்காங்க, லாக்குக்கு 64ஐத் தாண்ட வேணாம்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரியான பெறகு

ஆட்டோகுரோத்த ஆன்ல வைங்க, ஆனா அத நம்பி ஒக்காராதீங்க. கானாடுகாத்தான் பக்கம் அந்தப் பெரிய வீடுகளப் பாத்திருப்பீங்க, அன்னாடம் இருக்கிற நாலு பேருக்காகவா அவ்வளவு பெரிய வளவும் போஜன ஹாலும்? கல்யாணத்தன்னைக்கு வர்ற சனத்த நெனச்சுக் கட்டுனது, பந்தி ஒக்காந்த பெறகு செவத்த இடிச்சுப் பெருசாக்க முடியாதுல்ல. டேட்டாபேஸும் அப்படித்தான். வருசத்துக்கு எவ்வளவு கூடுதுன்னு பாத்து, ஒரு வருசத்துக்கான எடத்த ஆடி மாசத்துலயே, கடை மூடுன ராத்திரில கூட்டி வச்சிருங்க. தீபாவளிக் கூட்டத்துல ஃபைல் வளர வேண்டிய தேவையே வரக் கூடாது. டிஸ்க் யூசேஜ்ங்கிற ரிப்போர்ட்டத் தொறந்தா சமீபத்துல எப்பெப்ப தானா வளந்துச்சு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு காட்டும். அதுல நெறைய வரி இருந்தா நீங்க முன்கூட்டி எடம் வைக்கலன்னு அர்த்தம்.

எக்ஸ்பிரஸ்ல இருக்கிறவங்க 8 ஜிபி தாண்டுனதுமே முடிவெடுத்துருங்க. சாஃப்ட்வேர்ல ஏப்ரல் 1க்குப் புது வருசம் புது கம்பெனின்னு பிரிக்கிற வசதி இருந்தா அதுவே போதும், பழைய வருசம் தனி டேட்டாபேஸா நிக்கும். இல்லன்னா ஆடிட், போட்டோ, பழைய மெசேஜ் மாதிரி பாரத்த வேற டேட்டாபேஸுக்கு நகத்துங்க. அதுவும் முடியாதுன்னா 2025 எக்ஸ்பிரஸுக்குப் போகலாமான்னு சாஃப்ட்வேர் குடுத்தவங்ககிட்ட கேளுங்க, அவங்க அந்த வெர்சன்ல சோதிச்சுப் பாத்துட்டோம்னு சொன்னா மட்டும் போங்க, ஏன்னா புது வெர்சன்ல ஏத்துன டேட்டாபேஸ் திரும்பப் பழைய வெர்சனுக்கு எறங்காது.

ஆச்சி கடைல இப்ப கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு கெடக்கு. மாசம் மொத நாள் பில்லிங் பொண்ணு அதுல மூணு நம்பர் எழுதுது, டேட்டா ஃபைல் உள்ள எவ்வளவு நெறஞ்சிருக்கு, லாக் எவ்வளவு, டிஸ்க்குல மீதி எவ்வளவு. கடைசியா நான் போனப்ப டேட்டா 3.1 ஜிபி. ஆச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டு போன மாசத்து வரியையும் இந்த மாசத்து வரியையும் வெரல் வச்சுக் கழிச்சுப் பாத்துட்டு, "மாசம் அறுவது எம்பி கூடுது, அப்ப இன்னும் ஒம்போது வருசம் தாங்கும்ல தம்பி?"ன்னு கேட்டாங்க. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.